குக்குறுவானும் அத்தையின் கூரையும்

கண்டியில் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் முப்பது பேர் இருக்கிறோம். ஞாயிறு விடிந்ததும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பறவை கண்ணில் படாவிட்டாலும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் நிச்சயம் உண்டு.

சென்ற வருடம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், என் மாமியார் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற மரத்தில் குக்குறுவான் ஒன்று பொந்து குடைந்திருந்தது. இலங்கையை விட்டால் வேறெங்கும் காண முடியாத மஞ்சள் நெற்றிக்காரன். கண்டுபிடித்தவன் நான். குழுவில் அன்று எனக்கிருந்த மவுசு சொல்லி மாளாது.

ஒரே சிக்கல், அந்த மரம் அத்தையின் ஒற்றை அறை வீடான காம்பராப் பக்கம் சாய்ந்திருந்தது. அதை வெட்டச் சொல்லி இரண்டு வருடம் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தவர் அவர். அப்போதுதான் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்கள். குஞ்சு பறக்கும்வரை பொறுக்கச் சொல்லி நாங்கள் கடிதம் கொடுத்தோம். எழுதியவனும் நான்தான்.

"பறந்ததும் சொல்லுங்க, மறுநாளே வெட்டிடுறோம்" என்றார்கள் ஆபீசில்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவரைக்கும் அந்தக் காம்பராவுல யாரு படுக்கிறது மாப்புள? ஒங்க ஆளுங்க படுப்பாங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் பையைக் கட்டிக்கொண்டு எங்களோடு கண்டிக்கு வந்துவிட்டார்.

மாமியார் வந்தால் வீடு இரண்டுபடும் என்பார்கள். எங்கள் வீடு அப்போதுதான் ஒழுங்காக நடந்தது. வேலைக்குப் போகும் நானும் மனைவியும் காலையில் கடைப் பாண் துண்டை விழுங்கிவிட்டு ஓடுகிறவர்கள். இப்போது தோசை, மாலையில் வடை. எனக்கு இரண்டு கிலோ ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் நான் திரும்பியதும் அத்தை வாசலிலேயே கேட்பார்: "குஞ்சு பறந்திருச்சா?"

ஆறாவது ஞாயிறு நான் மட்டும் போயிருந்தேன். பொந்து காலி. இரண்டு குஞ்சுகள் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து தாயிடம் பழம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு வாசலில் அத்தை கேட்டபோது, "இன்னும் இல்லீங்க அத்த" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தோசை சாப்பிடலாமே என்ற ஆசைதான்.

வியாழன் மாலை அடித்த மழையில் மரம் விழுந்தது. கூரைத் தகரம் கிழிந்து, அத்தையின் கட்டில் இரண்டாக உடைந்து கிடந்த படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பினார். குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் போட்டேன். 'ஐயோ, கூடு!' என்று வரிசையாக அழுமுகங்கள் வந்தன. வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கைப்பேசியை அத்தையிடம் கொடுத்துப் படத்தைக் காட்டினேன். உண்மையையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே ஒரு சமாதானமும் தோன்றியது. "நல்லவேள அத்த. ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா நீங்க திங்கக்கிழமை வீட்டுக்குப் போயிருப்பீங்க."

அத்தை கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா மரத்தயும் திங்கக்கிழமையே வெட்டியிருப்பாங்க மாப்புள" என்றார்.