வாப்பா காயவைத்த பளிங்கு

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாத்தளைப் பக்கம் மிளகு பறிக்கிற காலம். நான் ஆய்வு செய்துகொண்டிருந்த பல்கலைக்கழகக் கெம்பஸில் வேலைநிறுத்தம் என்று எங்கள் ஆய்வுகூடத்தைப் பூட்டப்போகிறார்கள் எனத் தெரிந்தது. பேராசிரியையிடம் அனுமதி கேட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையை மடியில் வைத்துக்கொண்டு கண்டியிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

குவளைக்குள் இருந்தது நியோடிமியம் என்கிற அருமண் உலோகத்தின் உப்புக் கரைசல். மூடியில் ஊசித்துளை போட்டு வைத்தால், தண்ணீர் குறையக் குறையப் படிகம், எங்கள் பேச்சில் பளிங்கு, வளரும். எத்தனையோ தடவை எனக்கு வெறும் தூள்தான் கிடைத்தது. இந்த முறைதான் அரிசி மணி அளவில், இளம் ஊதா நிறத்தில், ஒரு முழுப் பளிங்கு! பேராசிரியை இந்தியா போகும்போது கொண்டுபோய், எக்ஸ்-ரே இயந்திரத்தில் அதன் உள்ளமைப்பைப் பார்த்துவருவதாகச் சொல்லியிருந்தார். திரும்பச் செய்ய மூலப்பொருளும் இல்லை. கரைசலை விட்டு மட்டும் அதை வெளியே எடுக்கவே கூடாது. பளிங்குக்குள் தங்கியிருக்கிற தண்ணீர்தான் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது.

இதை வீட்டில் யாருக்கும் விளக்க எனக்குத் தோன்றவில்லை. என் வாப்பாவோ மிளகு வியாபாரி. எதில் ஈரத்தைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் டவுனுக்குப் போய்த் திரும்பினால், முற்றத்துப் பாயில் மிளகு காய்கிறது. பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் துணியில் என் பளிங்கு.

"மகள், ஒங்கட சாமான் தண்ணிக்குள்ளயே கெடந்துச்சு. பூஞ்சணம் புடிச்சிரும்னு வடிச்சுட்டுக் காயப் போட்டேன்" என்றார் வாப்பா. முகமெல்லாம் சந்தோஷம்.

குனிந்து பார்த்தேன். ஊதா நிறம் மங்கி, வெடித்து, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நல்லதாப் போச்சு வாப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். வேறொரு உப்பை வைத்து ஒருவழியாக ஆய்வை முடித்தேன். புத்தகமாகக் கட்டி வந்ததும் வாப்பாவிடம் கொடுத்து, அந்த வேறு உப்பின் பளிங்குப் படத்தைக் காட்டி, "இதுதான் நீங்க காயவச்சது" என்றேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அது அன்னைக்கே போயிட்டு தானே மகள். நீங்க டீச்சரோட போன்ல அழுதது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு பெருநாளைக்கும் மாப்பு கேக்கணும்னு ஒங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க நல்லதாப் போச்சுன்னு சொன்னீங்களே, எப்படிக் கேக்க?"

அவர் மனசு நோகக் கூடாது என்று நான் சொன்ன ஒரு பொய், மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் என் வாப்பாவை அத்தனை நாளும் தனியாக நோகவிட்டிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.