இரட்டைப் பிள்ளைக்காரியின் கழுத்து

எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று கேள்விப்பட்டதும் எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் பாக்கி இல்லை. திண்டிவனத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் நேராக என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். எனக்கு இரட்டைப் பெண்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நல்லெண்ணெய் தொட்டு மூன்று தடவை நீவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர்களும் வருவார்கள். காசு வாங்கக் கூடாது. நீவி முடிந்ததும் வந்தவர்கள் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் சுளுக்கும் திரும்பி வந்துவிடுமாம்.

நான் இதை நம்பினேனா? தையல் மெஷினை விட்டு எழுந்து, எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் கறை படாமல் மறுபடி உட்காருவதற்குள் ஒரு ரவிக்கைக்குக் கை ஏற்றி முடித்திருக்கலாம். அந்த எரிச்சல்தான் எனக்கு எப்போதும். ஆனாலும் முந்தின நாள் கோணிக்கொண்டு வந்தவள் மறுநாள் கழுத்தை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு பெருமை வரத்தான் செய்யும். பொய் சொல்வானேன்.

"இன்னாக்கா, ஊருக்கெல்லாம் நீவி வுட்டுட்டு இப்ப நீங்களே கோணிக்கினு நிக்கிறீங்க?" என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. கழுத்தில் ஆரம்பித்த வலி தோளுக்கு இறங்கி, முழங்கைக்கு வந்து, ராத்திரியெல்லாம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புரண்ட பிறகு சிரிப்பு போய்விட்டது. மாத்திரை, தைலம், வெந்நீர்ப் பை எல்லாம் ஆயிற்று. எதுவும் கேட்கவில்லை.

இரட்டைப் பிள்ளைக்காரி தன் கழுத்தைத் தானே நீவிக்கொள்ள முடியாது, இன்னொரு இரட்டைப் பிள்ளைக்காரிதான் நீவ வேண்டும் என்று என் மாமியார் சட்டம் சொன்னார். கெடாரில் ஒருத்தி இருக்கிறாளாம், இரட்டை ஆண் பிள்ளைகள், கைராசிக்காரியாம். "போய்ட்டு வாயேன், இன்னா நட்டம்?" என்றார். கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

விழுப்புரம் போய் பஸ் மாறி கெடாருக்குப் போனேன். அந்த அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வயல் வேலை செய்து காப்புக் காய்த்த கைகள். என்னை மணையில் உட்காரவைத்து, எண்ணெய் தொட்டு நீவி, மோவாயை ஒரு கையிலும் பிடரியை ஒரு கையிலும் பிடித்துத் திரும்பத் திரும்ப இழுத்தாள். உயிர் போகிற வலி. நான் கத்தினேன். பிறகு ஒரு நிமிஷம் எல்லாம் லேசான மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, பழக்கதோஷம், "அப்ப நான் வர்றேன்கா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். "அடி பாவி, சொல்ட்டியே!" என்றாள். ஊருக்கெல்லாம் அந்த விதியைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். வேறு யாராவது என் வீட்டில் இப்படிச் செய்திருந்தால் நன்றாகத் திட்டி அனுப்பியிருப்பேன்.

திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். வலது கை விரல்களுக்குக் காசு எது, சாவி எது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "சொல்லிட்டு வந்தியா?" என்பதுதான். ஆமாம் என்றேன். "அதான்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யார் வந்து விசாரித்தாலும் அவர் அந்தக் கதையைத்தான் சொன்னார். என் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட நான் என்ன சொன்னேன் என்பதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மாமியார் மேல் இல்லை, அந்தக் கெடார்க்காரி மேல். நல்லா இருந்த கையை இழுத்து முறித்துவிட்டாளே என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே இருந்தேன்.

கத்திரி பிடிக்க வராமல் போயிற்று. துணியில் நேர்கோடு வெட்டினால் பாதியில் கத்திரி சாய்ந்துவிடும். கொக்கி வைத்துத் தைக்கும் ஊசி எப்போது விழுந்தது என்று தெரியாது. சோற்றைப் பிசைந்து எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்டினோம். சின்ன வயசு டாக்டர். கழுத்து எலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். கை பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வலியைக்கூடத் தாங்கிக்கொள்வேன், கை இல்லாமல் நான் யார்?

"போனது எவ்ளோ திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாதுங்க. இருக்கறதக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

கெடாரில் இழுத்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போது வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். டாக்டர் முகம் சுருங்கியது. "அது செய்யவே கூடாதுங்க" என்றார். பிறகு ஸ்கேன் படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆனா இது ரொம்ப வருஷமா தேஞ்சிருக்கு. குனிஞ்சே வேல செய்றீங்க இல்ல? பலமா தும்மியிருந்தாகூட பிதுங்கியிருக்கும்" என்றார். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் குனிந்து தைத்த என் மேலேயே கோபப்பட எனக்குத் தெம்பில்லை. கெடார்க்காரி மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஊரே டாக்டரானது. கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஒருத்தி. தன் சித்தப்பாவுக்கு முதுகில் செய்து மறுமாசமே ஏர் ஓட்டினார் என்று இன்னொருத்தி. சென்னையில் வேலை பார்க்கும் என் பெண்கள் இருவரும் போனில் ஒரே நேரத்தில் பேசி, "பண்ணிக்கோம்மா" என்றார்கள். வீட்டுக்காரரைக் கேட்டேன். "உன் கழுத்து, நீதான் சொல்லணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பொண்டாட்டி கழுத்துதானே? ஒரு தடவையாவது இதைச் செய்னு சொல்லேன் மனுஷா!" என்று கத்தினேன். அவர் வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

கடைசியில் முடிவு செய்தது இஸ்திரிப் பெட்டி. முன்பே தைத்து முடித்த ஒரு ரவிக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்கிற வாடை. துணி கருகிவிட்டதோ என்று பதறிப்போய்த் தூக்கிப் பார்த்தால் துணி நன்றாக இருக்கிறது. என் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. தோல் வெந்து வெள்ளையாகியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடு என்பதே அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "ஆபரேஷனுக்குச் சொல்லிடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

முன்பக்கமாகத்தான் திறப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் தெரிந்தது. பின்கழுத்து வியாதிக்கு முன்கழுத்தில் வெட்டா? எத்தனை பெண்களுக்கு முன்கழுத்து இறக்கி, பின்கழுத்து ஏற்றி வெட்டியிருப்பேன். என் கழுத்தில் எவனோ அளவெடுக்கிறான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. மயக்கம் தெளிந்ததும் தொண்டையில் முள் சிக்கின மாதிரி வலி. குரல் எழவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க வந்தது. விரலை மடக்கினேன், பாதி மடங்கியது. அவ்வளவுதான். பிறகு கண்ணாடி கேட்டுப் பார்த்தேன். கழுத்து மடிப்போடு மடிப்பாகத் தைத்திருந்தார்கள். தையலில் குறை சொல்ல முடியாது.

டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பும்போது நர்ஸ் அம்மாவிடம், டாக்டரிடம், யாரிடமும் "வர்றேன்" சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன். மறுபடியும் அந்தத் தப்பைச் செய்ய நான் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருந்த மாசங்களை எப்படிச் சொல்வது? ஒன்றுமே நடக்காத மாசங்கள். கழுத்தில் பெல்ட். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, திரும்பக் கூடாது. யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்ட முடியாது. தலையாட்டாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சர்ச்சில் எல்லோரும் தலை குனிந்து ஜெபம் செய்யும்போது நான் மட்டும் திமிர் பிடித்தவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்டவருக்கு விஷயம் தெரியும் என்று விட்டுவிட்டேன். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அமுக்கு, விடு, அமுக்கு, விடு. எதற்கு அமுக்குகிறேன் என்றே சில நாள் மறந்துபோகும். தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இதில் கூத்து என்னவென்றால், பின் தெருவிலிருந்து ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க நீவக்கூட வேணாங்கா, சும்மா தொட்டா போதும்" என்றாள். கழுத்தில் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம்! "போடி, போய் டாக்டரைப் பாரு!" என்று கத்தினேன். பாதிதான் சத்தம் வந்தது. அவள் "வர்றேன்கா" என்று சொல்லிவிட்டே போனாள்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்ப முடியாது, உடம்போடு திரும்பினேன். கெடார்க்காரி. கையில் ஒரு பை. மாமியார் எல்லோரிடமும் சொன்ன கதை கெடார் வரைக்கும் போயிருக்கும். உள்ளே வரச் சொல்லவில்லை நான். அவளாகவே வந்து தரையில் உட்கார்ந்தாள். என் பெல்ட்டைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

"நீ சொல்லிட்டுப் போனதால இல்ல" என்றாள். "மூணு தடவதான் இழுக்கணும். சரியா வரலன்னு நான் நாலாவதா ஒருக்கா இழுத்துட்டேன். நீ கத்துன. உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு. நான் சொல்லல. அன்னைலருந்து ஒருத்தர் கழுத்தையும் தொடறதில்ல. சோறு எறங்கல. தினம் உன் கைய நெனச்சிக்கினுதான் இருக்கேன்."

இவளைத் திட்ட எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை. அவ்வளவு அசதி. அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வேகும் வாசனை வந்தது. வயலிலிருந்து பிடுங்கிய பச்சை மல்லாட்டையைக் கொண்டுவந்திருக்கிறாள். அடுப்பு என்னுடையது, அதிகாரம் அவளுடையது. நான் பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவளுக்கு விடுதலை. எனக்கு? கோபப்பட ஆளில்லாமல் போய்விடும். ஆனால் அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சுமக்க என் கழுத்தில் இடமில்லை.

தண்ணீரை வடித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "யக்கா" என்றேன். "இது வருஷக்கணக்கா தேஞ்சதாம். தும்மியிருந்தாகூட போயிருக்குமாம். டாக்டர் சொன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னாரு. நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவள் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். என் வலது கையை இழுத்து விரித்து, உள்ளங்கையும் விரல்களும் நிறைய ஈர மல்லாட்டையைக் கொட்டினாள். அவள் கை காப்புக் காய்த்த கை, அவளுக்குச் சூடு உறைக்காது.

"ஐயோ, சுடுது!" என்றேன்.

அவள் பதறி எடுக்க வந்தாள். சூடே தெரியாமல் வெந்து தழும்பு விழுந்திருந்த அந்தச் சுண்டுவிரல்தான் சுட்டது. நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"எடுக்காதீங்கக்கா" என்றேன். "இருக்கட்டும். சுடட்டும்."