அக்கா பேரில் ஒரு பைக்

அக்காவுக்குப் பதினெட்டு முடிந்த அன்றைக்கு மாமா கேக் வாங்கி வந்தார். அதுவரை எங்கள் வீட்டில் யார் பிறந்தநாளையும் அவர் சீந்தியதில்லை. அம்மாவின் தம்பி ஆயிற்றே, அவர் எது செய்தாலும் அது பாசம்தான்.

மறுநாளே அக்காவை ராஜபாளையத்துக்கு, பைக் ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த நானும் ஒட்டிக்கொண்டேன். பழைய கடன் எதையும் கட்டாததால் மாமாவுக்கு எவனும் லோன் தருவதில்லை. “எம் பேருல குடுக்க மாட்டேங்கான். நீ கையெழுத்து மட்டும் போடு தாயி, டியூவ நான் கட்டுதேன்” என்றார். அக்கா அந்த ஊரில்தான் ஒரு மில்லில் வேலை பார்த்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று சம்பளத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். குறைகிற பணத்துக்கு பேங்கில் லோன் கேட்பதாக இருந்தாள். தாய்மாமன் கேட்டு எப்படி மாட்டேன் என்பாள்? போட்டுவிட்டாள். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை நான் டேங்க் மேல் உட்கார்ந்து வந்தேன்.

மாமா மூன்று டியூகூடக் கட்டவில்லை. வசூலுக்கு வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று, தெருவே கேட்க அக்கா பேரைச் சொல்லிக் கத்தினார்கள். வண்டியைத் தூக்கிப் போகலாம் என்றால் மாமா அதைக் கண்ணிலேயே காட்டவில்லை. அக்கா சேர்த்ததெல்லாம் அதற்கே போனது. டியூ நின்ற பேருக்குப் படிப்பு லோன் கிடையாது என்று பேங்கிலும் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மா திட்டியது தம்பியை அல்ல. “அவன்தான் கூறு கெட்டவன், ஒனக்கு புத்தி எங்கட்டி போச்சு?” என்று அக்காவைத்தான் காய்ச்சினாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கு அப்பா கண்டுபிடித்த வழியை எங்கே போய்ச் சொல்ல. “கடன் இவ பேருல, வண்டி அவன் கையில. ரெண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுட்டா எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள ஆயிரும்லா” என்றார். முறை மாப்பிள்ளையாம், உரிமை இருக்காம். ஏமாற்றியவனுக்குப் பெண்ணையும் கொடுத்து விருந்தும் வைத்தார்கள், வெட்கங்கெட்ட ஜனங்கள். மடவார் வளாகம் கோயிலில் மாமா தாலி கட்டினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கடன்தான் தீர்ந்துவிட்டதே. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அக்காவின் காதருகே போய், “இனி நீ நர்சிங் சேரலாம்லா?” என்று கேட்டேன்.

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “நீ சீக்கிரம் வளந்துராதட்டி” என்றாள்.

கணுக்காலுக்கு மேல் ஏறிக் கிடந்த என் பட்டுப்பாவாடையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.