துண்டுகளாகப் போன நடை

பெரிய கோப்புகளை நறுக்குவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஒரு கோப்பு அளவு மீறினால் எங்கள் சர்வர்கள் அதை மொத்தமாக வாங்காது. துண்டாக்கி, பல இயந்திரங்களில் பிரித்து வைத்து, எதன் பின்னால் எது என்று ஒரு சின்னக் குறிப்பும் வைத்துவிட்டால், கேட்கும்போது முழுசாகத் திரும்பி வரும். இதில் நான் கெட்டிக்காரன் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. பரப்பியவன் நான்தான்.

மகள் முதன்முதலாக நடந்தபோது மனைவி மஸ்கட்டில், நர்ஸ் வேலையில் இருந்தாள். மும்பை செம்பூர் வீட்டில், முன்பு அவள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு இன்னமும் வாசல் விளக்கைப் போட்டுவிடுவேன். கரண்ட் பில் மட்டும்தான் வரும். அந்த நடையை அடுப்படியிலிருந்து வாசல் வரை, பின்னால் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் தடதடக்க, ஒரு நொடி விடாமல் படம்பிடித்தேன். உச்சத் தரத்தில்தான். தொழில் கௌரவம்! அளவு பெரிது என்று போன் அனுப்ப மறுத்தது.

என்னிடமா? ஆபீஸ் பாணியில் நறுக்கி, வரிசைக் குறிப்போடு அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒண்ணுகூட திறக்க மாட்டேங்கு. பிள்ளைய என்ன செஞ்சிய?"

"எல்லாத்தையும் ஒட்டுனாத்தான் ஓடும். கம்ப்யூட்டர்ல..."

"இங்க நின்னுக்கிட்டு நான் ஒட்டவா? உங்க வித்தைய ஆபீஸோட வச்சிக்கிடுங்க. வாயால சொல்லுங்க."

சொன்னேன். மகள் பிரிட்ஜைப் பிடித்தது, விட்டது, வாசல் மிதியடி வரை போனது.

"விழுந்தாளா?"

"மிதியடி தடுக்கிருச்சு."

"யாரு தூக்குனா?"

"நான் வீடியோல்லா எடுத்துக்கிட்டு இருந்தேன். அவளே எந்திரிச்சிட்டா."

அந்தப் பக்கம் கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அடுத்த தடவ போனக் கீழ போட்டுட்டுத் தூக்குங்க. எனக்குப் படம் வேண்டாம்."

மறுவாரம் மகள் லிப்ட் வாசலில் விழுந்தாள். போனைப் போட்டுவிட்டுத் தூக்கினேன். போன் கண்ணாடியில் அந்த விரிசல் இன்றும் இருக்கிறது. மகள் என் காலரைப் பிடித்துக்கொண்டு, தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினாள். நானும் அங்கேதான் தேடுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அன்று அனுப்ப என்னிடம் ஒரு துண்டும் இல்லை. மனைவியிடம் போனில் சொல்லத் தொடங்கினேன். லிப்ட் வரை வந்ததும் லைன் அறுந்தது. நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"விட்ட எடத்துல இருந்து சொல்லுங்க. தூக்குனியளா?"

அறுந்த இடத்திலிருந்து தொடர்வதும் என் தொழில்தான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னேன். அவள் தடுக்கவில்லை.