குலுக்கைக்குள்ள இருக்கிற படி

எனக்கு எழுபத்தாறு வயசாகுது. பெத்தது ஆறு, வளத்து ஆளாக்கினது அஞ்சு. ரெண்டாங்கிளாஸ் பாதியில என்னை நிறுத்திட்டாங்க. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுதவும் செய்வேன், நேரம் ஆகும். ஆகட்டும். இதை எழுத இன்னையோட மூணு நாளு. ஒரு எடத்துல உக்கார முடியல. நாலு வரி எழுதுதேன், எந்திரிச்சுப் போய் ஆட்டைப் பாத்துட்டு வாரேன், மறுபடி நாலு வரி.

இந்தப் பொங்கல் லீவுல எங்க ஊரு இளவட்டங்க ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. ஊர்ல மிச்சம் நிக்கிற பழைய வீடுகள்ல அஞ்சு வீட்டை, கோவில்பட்டியில இருந்து வாரவியளுக்குச் சுத்திக் காட்டுறதுன்னு. அஞ்சாவது வீடு எங்க வீடு. என் மாமனார் கட்டின காரை வீடு. ஆனா அவிய வீட்டைப் பாக்க வரல, உள்ள நிக்கிற குலுக்கையைப் பாக்க வந்தாவ. கம்பு, சோளம் கொட்டி வைக்கிற மண் கூடுதான் குலுக்கை. ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், வண்டிச் சக்கரம் அகலம் இருக்கும். மேல மூடி, அடியில தானியம் தள்ள ஒரு ஓட்டை. முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு இருந்துச்சு. பீரோ வைக்க எடம் வேணும்னு எல்லாரும் உடைச்சுப் போட்டாங்க. எங்க வீட்டுல உடைக்க நான் விடல. அதைக் கட்டினவ நான்.

பொங்கலுக்கு முந்தின நாளே ஒரு போர்டு எழுதிக் கொண்டாந்து குலுக்கைக்குப் பக்கத்துல மாட்டிட்டுப் போனாங்க. எழுதுறதுக்கு விவரம் சொன்னது என் மூத்த மகன். நான் அதுக்கு முன்னால போய் நிக்கல. ஒவ்வொரு எழுத்தா உதட்டை அசைச்சு நான் கூட்டிக்கிட்டு நிக்கிறதை மருமக பாத்தா என்ன ஆகும்? எப்படியும் என்னைப் பத்தித்தான் எழுதியிருப்பான்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புலயே ரெண்டு நாளு அதைக் கடந்து போய் வந்துக்கிட்டு இருந்தேன்.

மாட்டுப்பொங்கலன்னைக்குப் பத்து மணிக்கு வாரோம்னாங்க. நான் எட்டு மணிக்கே சுங்கடிச் சேலையைக் கட்டிட்டேன். வாசலுக்குப் போறேன், உள்ள வாரேன், குலுக்கையைத் துணி வச்சுத் துடைக்கேன், மறுபடி வாசல்.

"என்ன அத்தை, பொண்ணு பாக்கவா வாராவ?"ன்னா மருமக.

"ஆமாட்டி, உனக்குப் புது மாமனார் வாராரு. காப்பியப் போடு"ன்னேன்.

வேன் வரும்போது பன்னெண்டு தாண்டிருச்சு. இருபது பேரு இருப்பாவ. என் மகன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பெரிய ஆபீசர் கணக்கா முன்னால நிக்கான். நான் குலுக்கை ஓரமா, கேட்டா சொல்லலாம்னு நின்னேன். கூட வந்த ஒரு சின்னப்பிள்ளை போர்டைச் சத்தம் போட்டு வாசிச்சுச்சு.

"நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வீட்டுப் பெரியவர் தம் கையால் கட்டிய குலுக்கை."

காதுல சரியா விழலையோன்னு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அதேதான் வாசிச்சுச்சு.

கொல்லைக்குப் போனேன். ஆட்டுக்குத் தண்ணி வச்சேன். ஏற்கெனவே வச்ச தண்ணி தொடாம அப்படியே இருந்துச்சு. மகனை நாலு பேரு முன்னால பொய்யனாக்கணுமா, பேசாம இருந்துரவான்னு மனசு கெடந்து அடிக்கி. மாமனார் கட்டினாராம்! அந்த மனுசன் குலுக்கைக்குச் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. என்னைப் பாத்துச் சிரிச்சது.

நான் செவக்காட்டு ஊர்ல, செம்மண்ணுல பொறந்தவ. எங்க ஊர்ல வாசல்ல கெடக்கிற மண்ணைக் குழைச்சுக் கட்டினா குலுக்கை நிக்கும். இங்கன வந்து ரெண்டு பிள்ளை பெத்த பெறகும் கரிசல் குணம் எனக்குத் தெரியல. அந்த வருசம் கம்பு நல்லா வெளஞ்சு, கொட்ட எடமில்ல. வெறும் கரிசலைக் குழைச்சு மளமளன்னு இடுப்பளவுக்கு ஏத்திட்டேன். ஒட்டும்போது வெண்ணெ மாதிரிதான் ஒட்டுச்சு. காஞ்சதும் கோடை நிலம் மாதிரி கைநுழையுற அகலத்துக்கு வெடிச்சுப்போச்சு. மாமனார் வந்து பாத்தாரு. "மருமகளே, குலுக்கைக்குள்ள உழவு ஓட்டலாம் போலயே"ன்னு சொல்லித் தெருவே கேக்கச் சிரிச்சாரு.

அதை இடிச்சுட்டு, எங்க அண்ணன்கிட்டச் சொல்லி ஒரு வண்டி செம்மண்ணு கொண்டாரச் சொன்னேன். வரகு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிச்சு, ஒரு நாளைக்கு ஒரு சாண், அது காஞ்சாத்தான் அடுத்த சாண். இந்த மூத்தவனுக்கு அப்போ நாலு வயசு. கருப்பட்டித் துண்டு தந்தாத்தான் மிதிப்பேன்னு சேத்துல நின்னு அடம்புடிப்பான்.

இதையெல்லாம் நெனச்சுக்கிட்டு உள்ள வந்தா, ஒரு அம்மா மகன்கிட்டக் கேக்காவ: "அண்ணாச்சி, இவ்வளவு பெரிசை இந்தச் சின்ன வாசல் வழியா எப்படி உள்ள கொண்டுவந்தாங்க?"

மகன் தலையைச் சொறிஞ்சான். "குலுக்கையை வச்சிட்டு அதுக்குப் பெறகுதான் வாசல்நிலை வச்சிருப்பாங்க"ன்னான். எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டுறாவ.

அதுக்கு மேல என்னால முடியல. "ஏலே, அது வாசல் வழியா மண்ணா வந்துச்சுலே, கடகப்பெட்டியில. உள்ள வந்த பெறகுதான் குலுக்கையாச்சு. சொமந்தவ இங்கன நிக்கேன்"ன்னேன்.

மகன் முகம் சுருங்கிப்போச்சு. "தாத்தா கட்டினதுன்னுதானம்மா எல்லாரும் சொல்லுதாவ."

"நீ சின்னதுல உள்ள எறங்கிக் கம்பு அள்ளுவியே, எப்படி வெளிய ஏறி வருவ?"

"உள்ள ஒரு படி இருக்கும், அதுல கால் வச்சு."

"அந்தப் படி எதுக்கு?"

வந்தவுகள்ல ஒருத்தரு முக்காலி மேல ஏறி, செல்போன் லைட்டை உள்ள அடிச்சுப் பாத்துட்டு, "ஆமா, இருக்கு. முழங்கால் உயரத்துல ஒரு திண்டு"ன்னாரு.

"உள்பக்கம் தடவுறதுக்கு ஆளு உள்ள நிக்கணும்"னேன். "சுவர் உசர உசர நான் உள்ள அகப்பட்டுக்கிட்டேன். வெளிய வாரதுக்கு வச்ச படி அது. உங்க தாத்தா ஆறடி ஆளு. அவருக்கு எதுக்குலே படி?"

எல்லாரும் சிரிச்சாவ. மகனும் சிரிச்சான், ஆனா என் மொகத்தைப் பாக்கல. வேன் கெளம்பின பெறகு பக்கத்துல வந்து, "ஏம்மா இத்தனை வருசமா சொல்லல?"ன்னான். கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன்னு சொல்ல வாயெடுத்துட்டு, சொல்லல. ரெண்டு நாளு அந்தப் போர்டை வாசிக்காம விட்டவ நானும்தான்.

இளவட்டங்க, "எழுதிக் குடுங்க ஆச்சி, போர்டை மாத்திருவோம்"னாங்க.

"நானே எழுதிக் குடுக்கேன்"னான் மகன்.

"நீ எழுதினது போதும்"னேன்.

இப்போ எழுதி முடிச்சிட்டேன். எழுதினது நான் நெனச்ச மாதிரி இருக்கான்னு காதால கேக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டா. ஏட்டி, பையை வச்சிட்டு இங்கன வா. இந்த நோட்டை மொதல்ல இருந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தா பெறகு திருத்திக்கலாம். நல்லாச் சத்தமா வாசி, உங்கப்பன் உள்ளதான் இருக்கான்.