பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்

"மொதலாளி என்னைவிட இருபது வயசு சின்னவரா இருக்கதுல எனக்கு ஒரு கொறைச்சலும் இல்ல தம்பி. அவருக்கு என்ன கஷ்டம்?" என்று காந்திமதிநாதன் என்னிடம் கேட்டார்.

அது 1986, ஆனி மாதம். முந்தின வருடம் பிளஸ் டூ முடித்து, மேலே படிக்கவும் பிடிக்காமல் வீட்டில் இருக்கவும் பிடிக்காமல், தென்காசியில் வாஞ்சிநாதனின் டி.வி. சர்வீஸ் கடையில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதலாளிக்கு இருபத்தெட்டு வயது. எங்களில் மூத்தவனான குத்தாலிங்கத்துக்கு இருபத்திரண்டு.

வேலை கேட்டு வந்த காந்திமதிநாதனுக்கோ நாற்பத்தொன்பது. குற்றாலத்தில் ஒரே ரேடியோ கடையில் இருபத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அந்தக் கடையை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே அவர் தபால் மூலம் டி.வி. மெக்கானிசம் படித்து சர்டிபிகேட் வாங்கியிருந்தார்.

"வேலை தெரியுது அண்ணாச்சி. ஆனா இங்கன எல்லாம் சின்னப் பயலுவ. உங்கள நான் எப்படி ஏவுதது?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மொதலாளி. ஏலேன்னாலும் வாரேன்."

ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் முதலாளி.

எங்கள் கடையில் ஏச்சும் பேச்சும் இல்லாமல் ஒரு ஸ்குரூ கழலாது. காந்திமதிநாதன் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. முதலாளி வாய்வரை வந்த 'மூதேவி'யை விழுங்கினார். காந்திமதிநாதன் மேஜையில் இருக்கும் சாமானை அவரிடம் கேட்காமல், சுற்றிப் போய் நாங்களே எடுத்தோம்.

"கோயிலுக்குள்ள உக்காந்து வேலை பாக்க மாதிரி இருக்குலே" என்றான் குத்தாலிங்கம்.

இரண்டு நாளாக எங்களுக்குப் பிடிபடாத ஒரு செட்டை, புதன்கிழமை அவர் பேனாவால் தட்டித் தட்டிப் பார்த்து, விட்டுப்போயிருந்த பற்றவைப்பைக் கண்டுபிடித்தார். படம் வந்தது. யாரும் கைதட்டவில்லை.

சனிக்கிழமை டீக்கடையில் என்னைத் தனியாக அழைத்தார்.

"சாயங்காலம் முடிவு சொல்லுதேன்னு இருக்காரு. அவர் காதுல விழுத மாதிரி, 'ஏலே காந்தி, அயர்ன எடு'ன்னு ஒரு தடவ சொல்லுங்க. நான் எடுத்துத் தாரேன். என்னை வச்சும் வேலை வாங்கலாம்னு அவருக்குத் தெரியணும்."

"எங்கப்பாவவிட மூத்தவங்க நீங்க."

"அத அஞ்சு நிமிசம் மறந்துருங்க தம்பி" என்று சிரித்தார்.

நான்கு மணிக்கு முதலாளி எங்கள் பின்னால் வந்து நின்றார். காந்திமதிநாதன் என்னைப் பார்த்தார். அவர் கை, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பக்கத்திலேயே இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி..." என்றுதான் வந்தது. அது மட்டுமா, எழுந்துபோய் நானே அதை எடுத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றார் முதலாளி மெதுவாக.

காந்திமதிநாதன் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார்.

ஆடியில் குற்றாலம் போனபோது அவரைப் பார்த்தேன். அவருடைய பழைய கடை இருந்த இடத்து லாட்ஜில் வெந்நீர் வாளி சுமந்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து ஒரு காலேஜ் பையன், "யோவ், வெந்நி என்னாச்சுய்யா?" என்று கத்தினான்.

"இந்தா வாரேன் சார்."

என்னைக் கண்டதும் நின்றார். "நல்லா இருக்கியளா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் படியேறினார். எனக்கு அருவிக்குப் போக மனம் வரவில்லை.

ஆளை வேலைக்கு எடுக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் கடையில் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட பையன் நான்தான், என் பெயர் அய்யாக்குட்டி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.