ராஜகுமாரனுக்கு ஒரு கட்டி வெல்லம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதிக்கொள்கிறாள். ஆனால் கதை கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதை நானே சொல்லிக்கொண்டால் தப்பில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பழவேற்காட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. சிமென்ட் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி ஓட்டை உரிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துவிடும். சோறு பிசையும்போது காரம் ஏறி எரியும். அந்த எரிச்சல்கூட வெள்ளிக்கிழமையில் தெரியாது. அன்றைக்குத்தான் வாரப் பத்திரிகை வரும்.

எங்களில் ஒரு அக்கா மட்டும் எட்டாவது வரை படித்தவள். பத்திரிகையில் வரும் தொடர்கதையை அவள்தான் எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். படிக்கிற நேரத்தில் அவளால் உரிக்க முடியாது. அதனால் ஆளுக்கு இரண்டு கைப்பிடி அவள் கூடையிலிருந்து எடுத்து உரித்துக் கொடுப்போம். அக்கா முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். ஈரம் பட்டால் காகிதம் கிழியும் என்று கையை விசிறி விசிறிக் காயவைப்பாள். அதற்குள் எங்களுக்கு உயிர் போகும்.

"சீக்கிரம் காய வெய்மே! அவன் காட்டுக்குள்ள குதிரை மேல கீறான், நீ இங்க விசிறிக்கினு கீற!"

ஒரு தேசத்து ராஜகுமாரன் வேட்டைக்குப் போய் வழி தவறி ஆற்றங்கரைக்கு வருகிறான். ஒரு படகோட்டியின் மகள் அவனை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். பாதி ஆற்றில் அவனுக்கு மனசு போய்விடுகிறது. அவளைக் கட்டிக்கொண்டால் சிம்மாசனம் கிடையாது என்று ராஜா சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அதை எழுதினவர் மாசக்கணக்கில் இழுத்தார். நாங்களும் மாசக்கணக்கில் சண்டை போட்டோம்.

எங்கள் வட்டத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். இறால் ஓட்டை அவர் கிள்ளும் வேகத்தில் கோபம் தெரியும். அவர் எப்போதும் ராஜா கட்சி.

"ராஜ்ஜியம்னா சும்மாவா? பாட்டன் முப்பாட்டன் காத்தது. ஒரு பொம்பளைக்காவ வுட்டுட்டு போவானா?"

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணும் பெரிம்மா?" என்று நான் கேட்பேன்.

"படகுதான் கீதே, ஓட்டிக்கினு போவட்டும்!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் தலையைக் குனிந்து இறாலைக் கிள்ளுவேன். ஏனென்றால் நான் மனசில் வைத்திருந்தது அந்தப் பெரியம்மாவின் மூத்த மகனைத்தான்.

இங்கே எங்கள் பழவேற்காடு ஏரி வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் பெரிய வலை போட முடியாது. உரிமையுள்ள குடும்பங்கள் உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரிப்பார்கள். அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளை கல்யாண வயசுக்கு வந்ததும் பேர் சேர்ப்பார்கள். அதற்குத் தலைக்கட்டு என்று பேர். சீட்டில் பேர் இருக்கிறவன் நடையே வேறு மாதிரி இருக்கும். பெரியம்மா வீடு அப்படி உரிமையுள்ள வீடு. நாங்கள் பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம். முட்டிக்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். எங்கள் வீட்டில் பெண் எடுக்கிறவன் பேர் சீட்டில் ஏறாது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மாவின் மகன் என்னிடம் அதிகம் பேசியதில்லை. படகைக் கரையில் ஏற்றும்போது நான் கூடையோடு அந்தப் பக்கம் வந்தால், கயிற்றைக் கட்டுவது மாதிரி கொஞ்சம் நேரம் நிற்பார். ஒரு தடவை மட்டும் வாய் திறந்தார்.

"இந்த வருசம் என் பேரு சேக்கறாங்க. அம்மா பொண்ணு பாத்துக்கினு கீது."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று கயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் இறால் உரித்தேன்! அக்கா படிக்கிற கதையில் ராஜகுமாரனுக்கு எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்.

சீட்டுக் குலுக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்த வாரப் பத்திரிகை வந்தது. ராஜகுமாரனுக்கு விஷக்காய்ச்சல். அரண்மனையில் நினைவில்லாமல் கிடக்கிறான். கண் திறப்பானா என்று கேட்டு நிறுத்திவிட்டார் எழுதினவர். கொட்டகையில் ஒருத்தி நிஜமாகவே அழுதாள்.

அடுத்த அமாவாசைக்கு நாங்கள் எட்டுப் பேர் திருவள்ளூருக்குப் போவதாக ஏற்கெனவே பேச்சு. அங்கே பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைகிற மாதிரி நோய் கரையும் என்பது நம்பிக்கை. ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி குழந்தைக்குச் சிரங்கு. பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து இன்னொரு பஸ். ஆளுக்கொரு வெல்லப் பொட்டலம். பாதி வழியில் அக்கா தன் பையைத் திறந்து, தனியாக ஒரு கட்டியைக் காட்டினாள்.

"இது ராஜகுமாரனுக்கு."

இப்போது சொன்னால் என் பேரப் பிள்ளைகள் உருண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மட்டும் சொன்னார்: "நல்லதுதான். பொழைச்சி எழுந்து சிம்மாசனத்துல குந்தட்டும்."

குளத்தில் அந்தக் கட்டியை என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னார்கள். படியில் குனிந்து தண்ணீருக்குள் விட்டேன். பழுப்பாகப் புகை மாதிரி கரைந்தது. பிறகு சந்நிதிக்குப் போனோம். அமாவாசைக் கூட்டம், மூச்சு விட இடமில்லை. அவரவர் வீட்டுக்காரர், பிள்ளைகள் பேருக்கு அர்ச்சனை சொன்னார்கள். கடைசியில் ராஜகுமாரன் பேரைச் சொன்னாள் அக்கா.

"நட்சத்திரம்?" என்றார் பட்டர்.

அக்கா விழித்தாள். "அத்த பத்திரிகையில போடலியே சாமி."

"எந்தப் பத்திரிகை? யாருக்கும்மா அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சரியாச் சொல்லுங்கோ, பின்னாடி கூட்டம் நிக்கறது!"

பின்னாலிருந்து தள்ளினார்கள். அக்கா என்னை இடித்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டபடி, பேரையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். பட்டர் அதையே திரும்பச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

நான் சொன்னது பெரியம்மா மகன் பேர். ரேவதி நட்சத்திரம்.

ஏழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மா எனக்கு நேர் பின்னால் நின்றிருந்தார். ரேவதியில் அவரைப் பெற்றவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். பட்டர் துளசி கொடுக்கக் கை நீட்டினார். என்னால் கையை நீட்ட முடியவில்லை. பெரியம்மாவின் கை என் தோளைத் தாண்டி வந்து அந்தத் துளசியை வாங்கிக்கொண்டது.

அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எங்கள் வழக்கப்படி அதற்குப் பிறகு சொல்லக் கூடாது. இங்கேயும் சொல்லமாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"அவன் இன்னா சொன்னான்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலன்னாங்க."

"எங்கிட்டயும் அதான் சொல்றான்." கையிலிருந்த துளசியை முந்தானையில் முடிந்துகொண்டார். "அவன் நைனா போனப்போ இவனுக்குப் பதிமூணு வயசு. என்னிக்காவது இவன் பேரு ஏறும்னு அந்தச் சீட்டை நம்பித்தான் நாலு புள்ளைங்களை வளத்தேன். சீட்டு குலுக்குற அன்னிக்கு நீ கோயில் பக்கம் வராதே. உம் மூஞ்சியப் பாத்துட்டு அவன் முடிவு பண்ணக் கூடாது. இன்னா பண்றானோ, அவனா பண்ணட்டும்."

"வரமாட்டேன் பெரிம்மா."

போகவில்லை. குலுக்குகிற அன்றைக்கு வீட்டிலேயே இருந்தேன். எங்கள் வீடு எங்கே, கோயில் எங்கே! ஆனாலும் மேளம் கேட்டது. மேளம் நின்றதும் என் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன்னால் அவர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என் பேரு வேணாம், தம்பி பேரைப் போடுங்கன்னுட்டேன்."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஏரி?" என்றேன்.

"ஏரி எங்க போவுது, அங்கதான் கீது" என்றார்.

கல்யாணம் ஆனதும் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டோம். இரும்பு உருக்குகிற இடத்தில் அவருக்கு வேலை. தண்ணீரிலேயே வளர்ந்த உடம்பு நெருப்புக்கு முன்னால் நின்றது. முதல் வருஷம் அவர் கையில் கொப்புளம் ஆறவே இல்லை. ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை; அதுதான் எனக்கு இன்னும் கனம். அவர் அம்மா எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

கதை முடிகிற வாரம் அக்கா ஆள் அனுப்பினாள். அன்றைக்கு அவருக்கு வார லீவு. அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கொட்டகைக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார். நான் உள்ளே போய், பெரியம்மாவுக்கு எதிர்ப்புறமாக உட்கார்ந்தேன். அக்கா கை கழுவி, விசிறி, படித்தாள். ராஜகுமாரன் காய்ச்சல் தெளிந்து எழுந்து பல வாரம் ஆகியிருந்தது. படகோட்டியின் மகள் தோளில் ஒரு மச்சம். பக்கத்து தேசத்து ராணி அதைப் பார்த்துக் கதறுகிறாள். வெள்ளத்தில் போன ராஜகுமாரிதானாம் அவள்! ராஜா மகனை அணைத்துக்கொள்கிறார், சிம்மாசனமும் கிடைக்கிறது, கல்யாணமும் நடக்கிறது.

பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். பெரியம்மா மட்டும் கையிலிருந்த இறாலைக் கூடையில் விட்டெறிந்தார்.

"இன்னா கதை இது? அவளும் ராஜா ஊட்டுப் பொண்ணுன்னா இவன் இன்னாத்த வுட்டான்? ஒண்ணியும் வுடல! என் புள்ளை வுட்டான்டி. மச்சம் கிச்சம் ஒண்ணும் பாக்காம வுட்டான்!"

பெரியம்மா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், அங்க இன்னா மரமாட்டம் நிக்கிற? தம்பி வலை ஏத்திக்கினு வரான். மீனு பிரிக்க ஆள் இல்ல. வா."

அம்மாவுக்குப் பின்னால் அவர் போனார். நானும் பின்னாலேயே போனேன். கரையில் வலை வந்து இறங்கியது. பெரியம்மா, அவர், நான், மூன்று பேரும் குனிந்து மீன் பிரித்தோம். தண்ணீர் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து வந்து திரும்பியது. சீட்டில் பேர் இல்லாதவர் என்பதால் அவர் உள்ளே இறங்கவில்லை. கொப்புளம் ஆறாத கையால் ஒவ்வொரு மீனாக, வலைக் கண்ணி அறாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.